பாசறை நிலம்

வீடு கட்டுவோர் மனை பார்த்துக் கட்டுவர். நூறாண்டு நிற்க வேண்டிய வீட்டிற்கு அத்துணை ஆராய்ச்சியும் வேண்டுவதே. ஆனால் இரண்டு இரவு மட்டும் தங்குவதற்கு அடிக்கும் கூடாரத்திற்கு இடம் ஆராய்வோர் மிகச் சிலர். ‘நாளை மறுநாள் பெயர்த்துக்கொண்டு போகப் போகிறோம், எங்கே அடித்தால் என்ன?’ என்று எண்ணுவோரே பலர். உண்மையில், வீட்டைக் காட்டிலும் கூடாரத்திற்கே நிலத்தேர்வு மிகுதியும் வேண்டும். வீட்டிற்கு அடித்தளம் உண்டு, சுவர் உண்டு, கதவு உண்டு. கூடாரத்திற்கோ நிலம் ஒன்றே துணை. அந்நிலம் கைவிடுமாயின் உள்ளே உறங்குவோர்க்கு வேறு காப்பு இல்லை. இவ்வுண்மையைச் சாரண மாணவர் சிலர் ஓர் ஏரிக்கரையில் ஒரே இரவில் கற்றனர்.

கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அமைந்தது வேப்பூர். சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருவழியும், பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்திலிருந்து சேலத்திற்குச் செல்லும் வழியும் அவ்வூரிலே கூடுகின்றன. வெள்ளிக்கிழமைதோறும் அங்குக் கூடும் ஆட்டுச் சந்தை சுற்று வட்டாரமெங்கும் அறியப்பட்டது. வழிகள் கூடும் ஊர் ஆதலின், வண்டிகளும் மந்தைகளும் தங்கிச் செல்வது அப்பகுதி மக்களுக்குப் பழகிய காட்சி. மாசி மகத்திற்கு விருத்தாசலம் செல்லும் உழவர் குடும்பங்கள் முற்காலத்தில் கூண்டு வண்டிகளிற் சென்று, மணிமுத்தாற்றின் கரையில் மாடுகளை அவிழ்த்துக் கட்டி, வண்டியடியிலேயே சமைத்து உண்டு உறங்கின. இன்று மேனாட்டார் படுக்கையும் அடுக்களையும் அமைந்த பெரிய ஊர்திகளை ஓட்டிச் சென்று ஏரிக்கரைகளில் தங்குகின்றனர். நம் அண்டை மாநிலமாகிய கேரளமும் 2021ஆம் ஆண்டில் அத்தகைய ஊர்திச் சுற்றுலாவைத் தொடங்கியது. வண்டியே வீடாகும் அவ்வழக்கம் நம்மவர்க்கு முற்றும் புதிதன்று.

அண்மையில் ஒரு காலாண்டு விடுமுறையில், வேப்பூரை அடுத்த ஒரு பள்ளியின் சாரணர் 24 பேர் இரண்டு இரவு பாசறை அமைத்துத் தங்க விரும்பினர். பாசறை என்பது பழந்தமிழ்ச் சொல். போர்மேற் சென்ற வேந்தன் படையொடு தங்கும் இடம் பாசறை எனப்பட்டது. பாடி, பாடிவீடு என்பனவும் அப்பொருள் தருவனவே. 1907ஆம் ஆண்டில் பேடன் பவல் என்பார் இங்கிலாந்து நாட்டுப் பிரவுன்சீ என்னும் சிறு தீவில் 20 சிறுவரைக் கூட்டிக் கூடாரமடித்துத் தங்கினார். சாரண இயக்கத்திற்கு வித்தாக அமைந்தது அதுவே. அவ்வியக்கம் தமிழ்நாட்டில் வேரூன்றியபோது, வேந்தர்க்குரியதாய் இருந்த பாசறை என்னும் சொல் சிறுவர்க்கும் உரியதாயிற்று.

அவர்கள் தேர்ந்த இடம் வெலிங்டன் ஏரி. வேப்பூரிலிருந்து தெற்கே பெருவழியிற் சென்று, ஆவட்டி கூட்டுச்சாலையில் திரும்பினால் அவ்வேரியை அடையலாம். வெள்ளாற்று நீரைத் தொழுதூரில் தடுத்து, கால்வாய் வழியே கொணர்ந்து நிரப்பும் ஏரி அது. 1923ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. நிறைந்த காலத்தில் ஏறத்தாழ 30 அடி ஆழத்திற்கு நீர் நிற்கும். அவ்வட்டார நிலம் பெரும்பாலும் கரிசல். வெயிலில் பாளம் பாளமாக வெடிப்பதும், மழையிற் குழைந்து காலைப் பற்றுவதும் கரிசலின் இயல்பு. ஏரிக்கரையின் ஒரு பகுதியே உள்வாங்கி, அதனைச் செப்பனிட அரசு பெரும்பொருள் செலவிட நேர்ந்ததை அப்பகுதியார் நன்கறிவர்.

சாரண ஆசிரியர் பொறுப்பு மிக்கவர். பெற்றோரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெற்றார். நீர்வளத்துறை அலுவலகத்திலும் ஊராட்சியிலும் முன்னரே இசைவு பெற்றார். மருந்துப் பெட்டியும் எடுத்துக்கொண்டார். கூடாரங்கள், பாத்திரங்கள், அரிசி, பருப்பு ஆகியவற்றை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு எல்லாரும் பிற்பகல் மூன்று மணியளவில் ஏரியை அடைந்தனர்.

அங்கே இரண்டு இடங்கள் அவர்கள் கண்ணிற்பட்டன. ஒன்று, ஏரியின் விளிம்பை ஒட்டிய புல்வெளி. சுற்றிலும் தரை காய்ந்து கிடக்க, அவ்விடம் மட்டும் பசும்பாய் விரித்தாற்போல் விளங்கிற்று. கருவேல மரங்கள் நிழல் தந்தன. அருகே ஓர் ஓடை, மணல் மட்டுமே உடையதாய், நீரின்றிக் கிடந்தது. ஏரி நீர் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. மற்றொன்று, அங்கிருந்து இரண்டு பர்லாங்கு தள்ளி உயர்ந்து கிடந்த சரளை மேடு. நிழல் இல்லை, புல் இல்லை, மேட்டின் கோடியில் இரண்டு பனைகள் மட்டும் நின்றன. அதன் ஒரு சரிவில் யாரோ ஆட்டுக்கிடை மறித்திருந்தனர்.

எந்த இடம் ஏற்றது என்று மாணவரைக் கேட்க வேண்டுமா? அணித்தலைவன் ஒருவன் புல்வெளியைக் கண்டவுடனே தன் குறிப்பேட்டை எடுத்து, நான்கு அணிகளுக்கும் நான்கு கூடாரம், ஆசிரியர்க்கு ஒன்று, நடுவே கொடிமரம், ஓரத்தில் அடுக்களை என்று படம் வரைந்துவிட்டான். ஆசிரியர் சற்றே தயங்கினார். ஆயினும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார், நிழலையும் நீரையும் பார்த்தார், இசைந்தார். வேன் ஓட்டுநர் மட்டும், “கரிசலில் நான் இறக்க மாட்டேன் சார். ஒரு தூறல் விழுந்தாலும் சக்கரம் புதைந்துவிடும்” என்று கூறி, வண்டியைச் சரளை மேட்டிலே நிறுத்திக்கொண்டார். மாணவர் பொருள்களைச் சுமந்து புல்வெளிக்குக் கொண்டுவந்தனர். மூங்கிலில் கொடியேற்றி நட்டனர். முதற் கூடாரமும் எழுந்தது.

அப்போது மேட்டிலிருந்து ஒரு முதியவர் இறங்கி வந்தார். கையில் கோல், தோளில் கம்பளி. கிடைக்கு உரியவர் அவர், இராமநாதபுரத்துப் பக்கத்தினர். மந்தையை ஓட்டிக்கொண்டு மாவட்டம் விட்டு மாவட்டம் சென்று, விதைப்புக்கு முன்னே தரிசாய்க் கிடக்கும் நிலங்களிற் கிடை மறித்து வாழும் கீதாரி.

“ஐயா, பிள்ளைகளை இங்கேயா படுக்க வைக்கப் போகிறீர்கள்?” என்று அவர் வினவினார்.

“ஆம், பெரியவரே. நல்ல இடமாகத் தோன்றிற்று.”

“வண்டிக்கு மேட்டைப் பார்த்தீர்கள், பிள்ளைகளுக்குப் பள்ளத்தைப் பார்த்தீர்களே, ஐயா!”

அச்சொல் ஆசிரியரின் நெஞ்சில் தைத்தது. முதியவர் வேறொன்றும் கூறாமல் அருகிலிருந்த கருவேல மரத்தைக் கோலாற் சுட்டினார். அதன் கிளைகளிடையே, ஒரு சிறுவனின் இடுப்பளவு உயரத்தில், காய்ந்த வைக்கோலும் சருகும் நெகிழிப்பைகளும் சிக்கிக் கிடந்தன. மாணவர் அவற்றை முன்னமே கண்டிருந்தனர். ஆனால் குப்பை என்று எண்ணியிருந்தனர்.

“இதனைக் காற்று கொண்டுவந்து சொருகவில்லை, தம்பிகளே. தண்ணீர் கொண்டுவந்தது. போன முறை ஓடை எவ்வளவு உயரம் வந்தது என்று மரமே எழுதி வைத்திருக்கிறது” என்றார் அவர்.

அணித்தலைவன் விடவில்லை. “தாத்தா, ஓடையில் ஒரு சொட்டு நீரும் இல்லை. வானமும் தெளிவாக இருக்கிறதே!” என்றான்.

முதியவர் சினக்கவில்லை. “சுற்றுப்பக்கம் காய்ந்திருக்க இங்கு மட்டும் புல் ஏன் பச்சையாக இருக்கிறது? கீழே ஈரம் நிற்கிறது. ஈரத்திற் கிடந்தால் ஆட்டிற்குக் குளம்பு அழுகும். ஆகையால் நாங்கள் பச்சையைப் பார்த்துக் கிடை போடுவதில்லை. மழை இங்கே பெய்ய வேண்டும் என்பதும் இல்லை, தம்பி. மேற்கே பெய்தால் போதும். அந்த நீர் இரவில் இங்கு வந்து சேரும். வரும்போது சொல்லிக்கொண்டு வராது” என்றார். பின்னர் மேற்றிசையை நோக்கினார். அடிவானத்தில், கண்ணுக்கு எட்டா மலைப்பக்கம், கருமுகில் ஒன்று எழுந்துகொண்டிருந்தது.

ஆசிரியர் ஒரு நொடி எண்ணினார். மாணவர் உழைத்து அடித்த கூடாரத்தைப் பிரிப்பதா? தாம் ஒப்பிய இடத்தைத் தாமே மறுப்பதா? ஆனால் தம்மை நம்பி 24 பெற்றோர் பிள்ளைகளை அனுப்பியிருக்கின்றனர் என்னும் நினைவு ஏனைய நினைவுகளையெல்லாம் வென்றது. “கூடாரத்தைப் பிரியுங்கள், மேட்டிற்குப் போகலாம்” என்று ஆணையிட்டார். மேட்டு நிலத்தின் உடையவரிடம் முதியவரே தொலைபேசியில் பேசி இசைவு வாங்கித் தந்தார்.

மேட்டில் இடம் தேர்வதிலும் முதியவர் உடனிருந்தார். பனைகளின் அருகே அடிக்க வேண்டா என்றார். வெட்டவெளியில் உயர்ந்து நிற்கும் மரத்தையே இடி நாடும் அன்றோ? கிடைக்கு மேற்புறம் மேட்டின் முகட்டிற்குச் சற்றே கீழாக, நீர் வழிந்தோடத் தக்க மென்சரிவு ஒன்றைக் காட்டினார். முகட்டில் அடித்தால் காற்று பிடுங்கும். அடிவாரத்தில் அடித்தால் நீர் தேங்கும். கூடாரத்தின் வாயில் காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும் என்பதை ஆசிரியர் கூறினார். கழிப்பிடம் ஏரிக்கு எட்டாத தொலைவில், காற்றின் கீழ்த்திசையில் அமைக்கப்பட்டது. குடிநீர் ஊரின் குழாயிலிருந்து கொண்டுவரப்பட்டுக் காய்ச்சப்பட்டது. பொழுது சாய்ந்துவிட்டமையால், புல்வெளியில் நட்ட கொடிமூங்கிலை மட்டும் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவந்தனர்.

இரவு உணவு முடிந்தது. மாணவர் வாடிய முகத்தோடு தீயைச் சுற்றி அமர்ந்தனர். சரளை உறுத்திற்று, கொசுவும் கடித்தது. அவர்தம் உள்ளக் குறையை உணர்ந்த ஆசிரியர் இரண்டு செய்திகளை எடுத்துரைத்தார்.

“முல்லைப்பாட்டு என்னும் பழைய நூலில் ஒரு பாசறை வருகின்றது. 103 அடிகளே உடைய சிறு பாட்டு அது. காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடியது. காட்டாற்றை அடுத்த அகன்ற நிலத்தில் வேந்தனின் படை தங்குகின்றது. உடனே கூடாரம் அடித்துவிட்டார்களா? இல்லை. முதலில் புதர்களை வெட்டி நிலத்தைத் திருத்தினர், முள்ளால் வேலி வளைத்தனர், காவலர் நின்றனர், நாழிகை அளந்து கூறுவோரும் இருந்தனர். அழகு பார்த்தல்ல, அரண் பார்த்தே அவர்கள் தங்கினர்.

“இனி, அவ்வாறு பாராமையால் வந்த கேட்டினைக் கேளுங்கள். ஸ்பெயின் நாட்டில் பிரனீசு மலையடியில் பியெஸ்காஸ் என்று ஓர் ஊர். அங்கே அராஸ் என்னும் ஓடை மலையை விட்டு வெளிப்படும் இடத்தில், விசிறிபோல் மண் படிந்த அழகிய சமநிலம் ஒன்று உண்டு. அதிற் கூடாரங்களுக்கும் வீட்டு ஊர்திகளுக்கும் உரிய தங்கல் நிலம் அமைக்கப்பட்டிருந்தது. அச்சமநிலத்தை உண்டாக்கியதே ஓடையின் வெள்ளம் என்பதை மறந்தனர். ஓடையைக் கால்வாயில் அடக்கிவிட்டோம் என்று நம்பினர். 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் மாலையில் மலைமேல் பெருமழை பெய்தது. ஓடை தன் பழைய வழியே பாய்ந்து வந்தது. ஊர்திகள் துரும்புபோல் மிதந்தன. 87 உயிர்கள் மாண்டன.”

மாணவர் வாய் பேசாது கேட்டனர். “அஃது எங்கோ நிகழ்ந்தது என்று எண்ணாதீர்கள்” என்று ஆசிரியர் தொடர்ந்தார். “உலகச் சாரணரின் பெருவிழாவே இடத்தேர்வால் இடருற்றது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தென்கொரியாவின் செமன்கும் என்னும் இடத்தில் ஏறத்தாழ 43,000 பேர் கூடினர். கடலை அடைத்து மீட்ட சமநிலம் அது. நிழல் தரும் மரம் இல்லை. மழைநீர் வடியப் போதிய வழியும் இல்லை. கடும் வெயிலில் நூற்றுக்கணக்கானோர் உடல்நலம் குன்றினர். புயலும் வருவதறிந்து, விழா முடியுமுன்னரே எல்லாரையும் அங்கிருந்து பெயர்த்துச் செல்ல நேர்ந்தது. பொருளும் ஆளும் மிகுதியாக உடையோரும் நிலத்தைக் கேளாது தங்கினால் இடர்ப்படுவர்.”

எல்லாரும் உறங்கச் சென்றனர். நள்ளிரவில் மேற்கே மின்னல் வெட்டிக்கொண்டே இருந்தது. மேட்டில் சில துளிகளே விழுந்தன. கூடாரத் துணி நனைந்ததேயன்றி உள்ளே ஈரம் புகவில்லை. மூன்று மணி இருக்கும். பெருங்காற்று மரங்களில் மோதுவது போன்ற ஓர் ஓசை கேட்டது. ஆனால் காற்று அசையவில்லை. அணித்தலைவன் எழுந்து வெளியே வந்தான். ஆசிரியர் முன்னமே கைவிளக்குடன் நின்றுகொண்டிருந்தார். முதியவரும் கிடையருகே நின்றார். மூவரும் ஒன்றும் பேசவில்லை. பள்ளத்தில் ஓடை வந்துகொண்டிருந்தது.

விடிந்தபின் வெள்ளம் சற்றே வடிந்தது. ஆயினும் புல்வெளியைக் காணோம். அவ்விடமெங்கும் செந்நிற நீர் பரந்து கிடந்தது. கருவேல மரங்கள் நீரிடையே நின்றன. கொடிமூங்கில் சாய்ந்து, அதன் நுனியில் கட்டிய துணி மட்டும் சேறு படிந்து வெளியே தெரிந்தது. முதற் கூடாரம் அடித்த இடம் அம்மூங்கிலுக்கு மூன்று முழத் தொலைவில் இருந்தது என்பதை எல்லாரும் நினைத்துக்கொண்டனர். எவரும் வாய்விட்டுக் கூறவில்லை.

காலைக் கூட்டத்தில் ஆசிரியர் மாணவர்முன் நின்றார். “நேற்று அந்த இடத்திற்கு ஒப்புதல் தந்தவன் நான். உங்கள் விருப்பத்திற்கு இணங்கியதாக நினைத்தேன். உண்மையில், என் கண்ணும் உங்கள் கண்ணைப் போலவே பச்சையைப் பார்த்து மயங்கிற்று. இசைவுக் கடிதங்களைத் தேடிச் சென்ற நான், இவ்விடத்தின் இயல்பை இங்கு வாழ்வோரிடம் கேட்க மறந்தேன். இத்தவறு என்னுடையது” என்றார். மாணவர் அவரை முன்னினும் மிகுதியாக மதித்தனர்.

அணித்தலைவன் தன் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தான். அவன் வரைந்த படத்திற் கூடாரங்கள் இருந்தன; கொடிமரம் இருந்தது; அடுக்களை இருந்தது. ஓடை இல்லை. அவன் எழுதுகோலை எடுத்து முதலில் ஓடையை வரைந்தான். பின்னர் மேட்டை வரைந்தான். அதன்பின் கருவேல மரத்தில் சருகு சிக்கியிருந்த உயரத்தைக் குறித்தான். இறுதியிலேதான் கூடாரங்களை இட்டான்.

மறுநாள் பாசறை கலைந்தது. மாணவர் அடுப்புக் குழிகளை மூடினர், சாம்பலைப் புதைத்தனர், முளைக்குழிகளை மண்ணிட்டு மிதித்தனர், தம் குப்பைகளோடு வெள்ளம் ஒதுக்கிய நெகிழிகளையும் பொறுக்கிச் சாக்கிற் கட்டி வேனில் ஏற்றினர். முதியவரும் கிடையைக் கிளப்பிக்கொண்டிருந்தார். விடைபெறச் சென்ற அணித்தலைவன், “தாத்தா, நீங்கள் இந்நிலத்திற்குக் காசு கொடுத்துத் தங்குகிறீர்களா?” என்று கேட்டான்.

முதியவர் நகைத்தார். “இல்லை, தம்பி. நிலத்துக்காரர்தாம் எங்களுக்கு நெல்லோ காசோ கொடுக்கிறார். ஆடு கிடந்த நிலம் உரமேறும், அடுத்த வெள்ளாமை நன்றாக வரும்” என்றார்.

வேன் வேப்பூரை நோக்கிப் புறப்பட்டது. அவ்வுரையாடலைக் கேட்டிருந்த ஆசிரியர் மாணவரிடம் கூறினார்: “ஆடு தங்கிய நிலம் அதனால் வளம் பெறுகின்றது. நாம் தங்கிய நிலம் வளம் பெறாவிடினும் கெடாமலாவது இருத்தல் வேண்டும்.” மாணவர் திரும்பிப் பார்த்தனர். மேட்டில் அவர்கள் தங்கியதற்கு ஓர் அடையாளமும் இல்லை. முதியவர் மந்தையின் பின்னே, ஓடையைச் சுற்றிக்கொண்டு, மற்றொரு மேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.